பதினேழுக்குப் பக்கத்து வீடு

எனக்குக் கோபம் சட்டென்று வரும். சாக்பீஸ் உடைந்தாலும் வரும், பஸ் நிறுத்தாமல் போனாலும் வரும். தப்பான விடை சொன்ன பிள்ளைகள்மேல் மட்டும் கோபப்படக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன், பெரும்பாலும் காப்பாற்றியும் வருகிறேன். ஆனால் ஒரு குழந்தை சரியான விடையைச் சொல்லி, அதைக் கேட்டு எனக்குக் கோபம் தலைக்கேறியது என்றால் யாராவது நம்புவார்களா? நடந்தது. நான்காம் வகுப்பில், தோராய மதிப்புப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது.

பாலக்கோட்டிலிருந்து உள்ளே போகும் டவுன் பஸ் கடைசியாகத் திரும்புகிற ஊர் அது. அங்கே இருக்கும் தொடக்கப்பள்ளிக்கு நான் தருமபுரியிலிருந்து போய் வருகிறேன். பிள்ளைகள் எல்லாரும் தக்காளி பறிக்கிற, கரும்பு வெட்டுகிற வீட்டுப் பிள்ளைகள். கணக்கில் கெட்டி. கூட்டல் பெருக்கலில் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்கள். அவர்களுக்கு ஆகாத ஒரே பாடம் இந்தத் தோராயம்தான்.

ஏன் ஆகாது என்று எனக்கே ரொம்ப நாள் புரியவில்லை. ஒரு தடவை வகுப்புக்கு ஒரு கூடைத் தக்காளியை வரவழைத்து, "இதுல எவ்ளோ இருக்கும்னு எண்ணாம சொல்லுங்க பாக்கலாம்" என்றேன். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நான் பலகைப் பக்கம் திரும்பியதும் முணுமுணுவென்று எண்ண ஆரம்பித்தார்கள். எண்ணி முடித்துவிட்டு, அந்த எண்ணை ஒரு பத்துக்குப் பக்கத்தில் தள்ளி, "தோராயமா சொல்றோம் டீச்சர்" என்றார்கள், முகத்தில் ஒரு களவாணிச் சிரிப்போடு. ஏன்டா இப்படி என்று கேட்டால், "எண்ணாம சொன்னா பொய் சொன்ன மாதிரி ஆவாதா டீச்சர்?" என்று ஒருத்தன் கேட்கிறான். சின்னப் பிள்ளைகளுக்குச் சரி என்றால் சரி, தப்பு என்றால் தப்பு. நடுவில் 'கிட்டத்தட்ட' என்று ஒன்று இருப்பதே பெரியவர்கள் செய்யும் பித்தலாட்டம் என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு நான் அதைக் கேட்டுச் சிரித்தேன்.

சரி, பித்தலாட்டம் இல்லை என்று காட்டுவோம் என்று வராந்தாவில் நீளமாக ஒரு கோடு போட்டேன். ஒரு முனையில் பத்து, மறுமுனையில் இருபது. இரண்டையும் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வீடு வரைந்தேன், கதவு ஜன்னலெல்லாம் வைத்து. நடுவில் பதினொன்றிலிருந்து பத்தொன்பதுவரை வரிசையாக எழுதி, ஒவ்வொரு எண்ணிலும் ஒரு பிள்ளையை நிற்க வைத்தேன்.

"மழ வந்துருச்சு. யாருக்கு எந்த வூடு கிட்ட இருக்கோ, அங்க ஓடுங்க!"

பன்னிரண்டும் பதின்மூன்றும் பத்து வீட்டுக்குள் பாய்ந்தன. பதினெட்டு ஒரே தாவில் இருபதுக்குள். பதினைந்தில் நின்றவன் மட்டும் இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து அழாத குறை. "நடுவுல நின்னா பெரிய வூட்டுக்குப் போயிரணும், அதான் ரூல்" என்றதும் அவனும் ஓடினான். ஒரே கூச்சல். பக்கத்து வகுப்புக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பாடம் ஏறிவிட்டது, ஏறியேவிட்டது!

அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் உற்சாகமாக, வீட்டில் இருப்பவர்களின் வயதைச் சொல்லி வீடு கண்டுபிடிக்கச் சொன்னேன். அப்பாவுக்கு முப்பத்தெட்டு, நாற்பது வீடு. மாமாவுக்கு இருபத்திரண்டு, இருபது வீடு. என் வயதைக் கேட்டுப் பிடுங்கி எடுத்தார்கள். நாற்பத்து நாலு என்றேன். "நாப்பது வூடு டீச்சர்!" என்று கத்தினார்கள். நாலு வயதைக் குறைத்துவிட்ட பாடத்தை யாருக்குத்தான் பிடிக்காது.

முதல் வரிசையில் ஒரு சின்னப் பெண். ஒன்பது வயது. வகுப்பிலேயே துடியானவள், கை எப்போதும் மேலேதான் இருக்கும்.

"எங்கக்காவுக்குப் பதினேழு டீச்சர்."

"எந்த வூடு?"

"இருவது!" என்று ஓடிப்போய் இருபது வீட்டுக்குள் நின்றாள்.

"வெரிகுட்."

அவள் வெளியே வரவில்லை. அங்கேயே நின்றபடி கேட்டாள். "அப்பன்னா தை மாசம் கல்யாணம் பண்ணலாமில்ல டீச்சர்?"

எனக்கு முதலில் காதில் ஏறவில்லை. "யாருக்குக் கல்யாணம்?"

"அக்காவுக்கு. பதினெட்டு ஆவாம பண்ணா போலீசு வரும்னு அக்கா அழுவுது டீச்சர். ஆனா பதினேழு இருவது வூடுதான? இருவது பதினெட்டவிடப் பெருசுதான?"

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், பாராட்டுக்காக. ஒவ்வொரு படியும் சரி. பதினேழுக்கு இருபது கிட்டே. இருபது பதினெட்டைவிடப் பெரிது. நான் சொல்லிக்கொடுத்தபடியே போட்டிருக்கிறாள். அடிப்பாவி! என்னடி சொல்கிறாய் என்று கத்தத் தோன்றியது. சாக்பீஸ் கையிலேயே நொறுங்கிவிட்டது.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி, வகுப்பில் ஒரு பிள்ளைகூடத் திடுக்கிடவில்லை. "எங்க சின்னக்காவும் அப்பிடித்தான் டீச்சர், பதினாறுல" என்றான் ஒருத்தன், வெகு சாதாரணமாக, அதுவும் இருபது வீடுதானா என்று சரிபார்க்கிற குரலில். பின்னால் இன்னும் சில கைகள் உயர்ந்து நின்றன. எல்லாருக்கும் சொல்ல ஒரு எண் இருந்தது. போதும், உட்காருங்கள் என்றேன். ஏன் பாதியில் நிறுத்தினேன் என்று பிள்ளைகளுக்குப் புரியவில்லை.

தலைமை ஆசிரியரிடம் ஓடினேன். நல்ல மனிதர், பூனைபோல நடப்பார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது இந்தப் பக்கம் உள்ளதுதானே டீச்சர். நாம நாலாம் வகுப்பு வாத்தியாருங்க. அந்தப் பொண்ணு நம்ம ஸ்கூலே இல்ல" என்றார். சார், அது ஒரு குழந்தை சார் என்றேன். "பிளஸ் டூ படிக்குதே" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவர் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்திருப்பேன். நல்லவேளை, மணி அடித்தது.

மறுநாள் அந்தச் சின்னவளைத் தனியாகக் கூப்பிட்டேன். "வயச மட்டும் இப்பிடி மாத்தக் கூடாது கண்ணு. அது கணக்குக்கு மட்டுந்தான்" என்றேன்.

"நீங்கதான டீச்சர் வயசு சொல்லச் சொன்னீங்க?"

"அது வெளையாட்டுக்கு."

அவள் யோசித்தாள். "ஆனா நான் நேத்தே அப்பாகிட்டச் சொல்லிட்டேன் டீச்சர். அப்பாவுக்கு ஒரே சந்தோசம். பாத்தியா, டீச்சரே சொல்லிட்டாங்கன்னு அக்காகிட்டச் சொன்னாரு."

பள்ளிக்கூட வராந்தாவில் மழைக்கு ஓடிய விளையாட்டு ஒரு வீட்டுக்குள் போய், ஒரு பெண்ணின் வாயை அடைக்கப் பயன்பட்டிருக்கிறது. சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டு அந்தக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் அவள் குதித்துக்கொண்டு வந்தாள். டீச்சர் வீட்டுக்கு வருவது அவளுக்குத் திருவிழா.

ஷீட்டுக் கூரை போட்ட வீடு. வாசலில் தக்காளி மலைபோலக் கொட்டிக் கிடந்தது. அவள் அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து பழுத்தது, செங்காய், அடிபட்டது என்று பிரித்துக் கூடைகளில் போட்டுக்கொண்டிருந்தாள். மெலிந்த உருவம். முப்பதைத் தாண்டியிருக்க மாட்டாள் போலிருந்தது. நிமிர்ந்து பார்த்து, "வாங்க டீச்சர்" என்றாள். மறுபடி குனிந்துகொண்டாள்.

அப்பாதான் ஓடி வந்தார். டெம்போ ஓட்டுகிறவர், தோளில் துண்டு, முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க, வாங்க டீச்சர்! நல்லவேள நீங்களே வந்துட்டீங்க. பத்திரிக வெக்க நாங்களே வரலாம்னு இருந்தோம்" என்று நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். திட்ட வந்தவளுக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அந்த மரியாதை என்னை ஒரு நிமிடம் உட்கார்த்தி வைத்துவிட்டது.

கதவோரம் யூனிஃபார்மோடு ஒரு பெண் நின்றாள். பெரியவள். பாலக்கோட்டுப் பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்திருப்பாள் போல, பை தோளிலேயே இருந்தது. அழுது வீங்கிய கண்.

"நீங்கதான் அந்த டீச்சரா?" என்றாள்.

அந்தக் கேள்வியில் இருந்த வெறுப்பை நான் இன்னும் மறக்கவில்லை. முன்பின் பார்க்காத ஒரு பெண் என்னை அப்படிப் பார்க்க நான் என்ன செய்தேன் என்று ஒரு கணம் திகைத்துப் போனேன். பிறகு எழுந்தே விட்டேன். "அந்த டீச்சர்தான். ஆனா பதினேழுன்னா பதினேழுதான்மா. உனக்குக் கல்யாணம் பண்ணலாம்னு நான் சொல்லவே இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் அப்பாவைப் பார்த்துக் கத்தினேன். "ஏங்க, உங்களுக்கு மனசாட்சி இல்லயா? இன்னும் ஒரு வருசம் பொறுக்க முடியாதா? பதினெட்டாவது ஆகட்டுமே!"

அவர் கோபப்படவில்லை. எனக்கு ஏதோ தெரியாததைப் பொறுமையாக விளக்குகிறவர்போல ஆரம்பித்தார்.

"பதினெட்டு ஆவாதுங்க டீச்சர். எரட்டப்பட. எங்க பக்கம் பொண்ணுக்கு எரட்டப்பட வயசுல தாலி கட்ட மாட்டோங்க. ஒண்ணு பதினேழு, இல்லன்னா பத்தொம்போது. பத்தொம்போதுன்னா ரெண்டு வருசங்க. அதுவரைக்கும் மாப்ளப் பையன் குந்தியிருப்பானுங்களா? ஓசூர்ல கம்பெனி வேல. இவ அண்ணன் மகன்தான், அசலு இல்ல."

இவ என்று மனைவியைக் காட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினெட்டு என்று சட்டம் சொல்கிறது, சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள், நானே பள்ளி விழாவில் பேசியிருக்கிறேன். இந்த ஊரில் அந்த ஒரு வயதில்தான் யாரும் கல்யாணமே செய்ய மாட்டார்களாம்! பதினெட்டு கூடாது என்பதால் பத்தொன்பதுக்குத் தள்ளவில்லை, பதினேழுக்கு இழுத்துக்கொள்கிறார்கள். கேட்டால் டீச்சரே சொல்லிவிட்டார் என்கிறார்கள்.

"இப்பவே போன் போடுவேன். ஆபீசருங்க வந்து நிப்பாங்க" என்று கைப்பையிலிருந்து போனை எடுத்தேன்.

"போடுங்க டீச்சர்" என்றார் அவர், அதே மரியாதையோடு. "மேலத் தெருவுல ஒரு வூட்டுக்கு வந்தாங்க. வந்து, கல்யாணம் பண்ண மாட்டோம்னு எழுதி வாங்கிட்டுப் போனாங்க. அடுத்த முகூர்த்தத்துல கர்நாடகாப் பக்கம் ஒரு கோயில்ல வெச்சித் தாலி கட்டிட்டு வந்துட்டாங்க. நாங்க அப்பிடிலாம் ஒளிஞ்சி பண்றவங்க இல்லீங்க. அதான் உங்ககிட்டயே சொல்றோம். இருங்க, டீ வாங்கியாறேன்."

போய்விட்டார். டீ வாங்கப் போய்விட்டார்! நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு மரம்போல நின்றேன். பெரியவள் கதவோரமே சரிந்து உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நர்சிங் சேர வேண்டும், அதற்குத்தான் சயின்ஸ் குரூப் எடுத்தேன் என்று யாரிடமோ சொல்வதுபோலத் தரையைப் பார்த்துச் சொன்னாள். மார்ச்சில் பரீட்சை. கல்யாணம் தையில்.

அம்மாக்காரி தக்காளி பிரித்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அவள்மேல் எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவள் பேசாமல் இருந்தால் யார்தான் பேசுவது?

"ஏம்மா, நீயாவது சொல்லக் கூடாதா? உன் அண்ணன் வூடுதானே?" என்றேன்.

"நான் என்னங்க சொல்றது."

"உனக்கு எத்தன வயசுல கல்யாணம் ஆச்சு?"

ஒரு அடிபட்ட பழத்தைத் திருப்பிப் பார்த்து ஒதுக்கிப் போட்டாள். "பதினாலு இருக்குங்க. அப்பா செத்துட்டாரு. அண்ணன்தான் கட்டிக் குடுத்துச்சி."

அதுவரை என் பக்கத்தில் டீச்சருக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டத் துடித்துக்கொண்டிருந்த சின்னவள் துள்ளினாள். "பதினாலுக்குப் பத்து வூடுதான் கிட்ட! அம்மாவுக்குப் பத்து வூட்ல கல்யாணம் டீச்சர்!"

"சும்மா இருடி" என்றேன். அவள் எங்கே சும்மா இருப்பாள்?

"எனக்கு ஒம்போது. நானும் பத்து வூடு. அம்மாவும் நானும் ஒரே வூடு!" என்று கைதட்டினாள்.

அம்மாவின் கை நின்றது. நிமிர்ந்து சின்னவளைப் பார்த்தாள். பால் பல் விழுந்து பாதி முளைத்த பல்லோடு சிரித்துக்கொண்டு நின்ற அந்தக் குழந்தையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். முகம் அப்படியே வெளுத்துவிட்டது. நான் இதுவரை யார் முகத்திலும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம். பதினாலு என்று அவள் இத்தனை நாள் சொல்லி வந்திருப்பாள். கேட்டவர்களும் தலையாட்டியிருப்பார்கள். அந்த வயது எவ்வளவு சிறியது என்று அந்தக் குழந்தை இப்போதுதான் கண்ணெதிரே நின்று காட்டியது போலிருக்கிறது.

"இது அளவுதான் இருந்தேன்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. "இதவிட ஒரு சாண் ஒசரம் இருந்திருப்பேன். அவ்ளோதான்."

அந்த நேரத்தில்தான் அப்பாவும் டீயோடு திரும்பி வந்தார். வந்தவர் மனைவியின் முகத்தைப் பார்த்துப் படியோரமே நின்றுவிட்டார்.

அம்மாக்காரி எழுந்து, ஜன்னலில் இருந்த போனை எடுத்தாள். விரலெல்லாம் தக்காளிச் சாறு. புடவையில் துடைத்துத் துடைத்து அழுத்தினாள். காதில் வைக்க முடியாமல், ஸ்பீக்கரைப் போட்டு ஒரு கூடைமேல் வைத்தாள். மணி போனது. ஒரு ஆண் குரல் எடுத்தது.

"சொல்லும்மா. கல்யாணத்துக்கு ஆளுங்க வர டெம்போவுக்கு அங்கயே ஏற்பாடு பண்ணிட்டீங்களா?"

"அண்ணா, தையில கல்யாணம் வேண்டாம். பாப்பா பரீச்ச எழுதட்டும். நர்சு படிக்கணுங்குது, படிக்கட்டும். அப்புறம் அது என்ன சொல்லுதோ அப்பிடி."

பெரியவள் முழங்காலிலிருந்து முகத்தைத் தூக்கினாள். போனில் ஒரு சிரிப்பு.

"என்ன வெளையாட்றியா? மண்டபம் சொல்லியாச்சி. யாரு சொல்லிக் குடுத்தாங்க உனக்கு?"

"யாரும் சொல்லல. நான்தான் சொல்றேன். இது ரொம்பச் சின்னதுண்ணா."

"பதினேழு சின்னதா?" குரல் ஏறியது. "ஒன்னப் பதினாலுல கட்டிக் குடுத்தேன். நீ என்ன கெட்டா போயிட்ட?"

அவள் போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கெஞ்சப் போகிறாள், அழப் போகிறாள், இல்லையென்றால் வைத்துவிடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"கெட்டுத்தாண்ணா போனேன்" என்றாள். "இத்தன வருசத்துல நீ இப்பத்தான் கேக்கற."

குரலை உயர்த்தவேயில்லை. எனக்காக வாங்கி வந்த டீயைக் கையில் பிடித்தபடி அவள் புருஷன் படியோரமே நின்றுகொண்டிருந்தார்.